நிலைத்தன்மையை விழுமியமாக எழுதினால் மக்கள் நம்புவார்களா?

வாசகியின் கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் மின்னணுச் சாதனங்களுக்கு உலோக உதிரிப்பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்பதால், இணையப் பக்கத்திலும் வரவேற்பறைச் சுவரிலும் வைக்க ஐந்து விழுமியங்களை எழுதித் தருமாறு முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். அவற்றுள் நிலைத்தன்மையும், அதாவது சுற்றுச்சூழலையும் மனிதர்களையும் கெடுக்காமல் தொழில் நடத்துவதும், ஒன்று. ‘எதிர்காலத் தலைமுறைக்காகப் பூமியைக் காக்க உறுதி பூண்டுள்ளோம்’ என்று எழுதி அண்ணனிடம் காட்டினேன். ‘இதை எந்தக் கம்பெனிதான் எழுதவில்லை?’ என்று கேட்டுவிட்டார். பொதுமக்கள் இத்தகைய வாசகங்களை உண்மையில் எப்படிப் பார்க்கிறார்கள்? எழுதுவதே வீண் வேலையா? எழுதுவதென்றால் எப்படி எழுதுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் கேட்டதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைகளைத் தயாரிக்க உதவுவது என் தொழில். நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் இப்படிப்பட்ட வரிகளைக் காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைக்கிறது. அவர்கள் அந்த வரியைப் பொய் என்று சொல்வதில்லை. அது எந்த நிறுவனத்துக்கும் பொருந்திவிடுவதால், உங்கள் நிறுவனத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகிறது. நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு ஒரு வங்கியின் பெயரையோ பேரங்காடியின் பெயரையோ எழுதினாலும் அந்த வாசகம் சரியாகவே இருக்கும் என்றால், படிப்பவர் அதை நம்புவதற்கும் இடமில்லை, மறுப்பதற்கும் இடமில்லை. பேசாமல் கடந்து போய்விடுவார்.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் மக்களின் அக்கறையின்மை என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மக்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள், அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனம் உலகப் புகழ்பெற்ற ஒரு நிலைத்தன்மைக் குறியீட்டில் வாகனத் துறையின் முன்னோடியாக அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில், புகைப் பரிசோதனையின்போது மட்டும் நல்ல அளவைக் காட்டும் மென்பொருளை அது தன் டீசல் கார்களில் வைத்திருந்தது வெளிவந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வாகனங்களில் அது இருந்தது. அடுத்த மாதமே அந்தக் குறியீட்டிலிருந்து நிறுவனம் நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் 2020-இல் தன் சந்தையில் காணப்பட்ட சுற்றுச்சூழல் விளம்பர வாசகங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 53 விழுக்காடு தெளிவற்றவையாகவோ தவறான எண்ணத்தைத் தருபவையாகவோ ஆதாரமற்றவையாகவோ இருந்தன. 40 விழுக்காட்டுக்கு எந்தச் சான்றும் இல்லை. இப்படிப்பட்ட சந்தையில் பொருள் வாங்கிப் பழகியவர், அழகான வரியைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நியாயம்தானே?

நம் நாட்டிலும் தூரம் போக வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவினால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. வாளியோடு தண்ணீர் லோரிக்காக வரிசையில் நின்றவர்களுக்கு, தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பொறுப்பு என்பது அதற்குப் பிறகு குழாயில் வரும் தண்ணீரின் விஷயமாகிவிட்டது. பினாங்கு மக்கள் இன்னும் ஒரு படி மேலே. பயனீட்டாளர் இயக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றிய ஊர் அது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்பது அங்கே பலருக்குப் பழக்கம்.

ஆனால் மக்கள் எதையுமே நம்புவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பினாங்கு மாநிலம் 2009-இல் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பை கிடையாது என்று தொடங்கி, பிறகு நாள்களைக் கூட்டி, 2011 ஜனவரி முதல் எல்லா நாள்களுக்கும் அதை விரிவாக்கியது. பை வேண்டுமென்றால் அப்போது 20 சென் கொடுக்க வேண்டியிருந்தது. முணுமுணுப்பு நிறையவே இருந்தது. இருந்தும் அது வெறும் பேச்சு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் கல்லாவில் நின்ற ஒவ்வொருவரும் அதன் விலையைத் தம் கையால் கொடுத்தார்கள், கடைக்காரரும் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டார். ஒரு விழுமியத்துக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் அதற்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். உங்கள் வரைவில் இல்லாதது அதுதான். பூமியைக் காக்க உங்கள் நிறுவனம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்பதில் ஒன்றுகூட அந்த வரியில் இல்லை.

இனி, ‘பொதுமக்கள்’ என்று நீங்கள் குறிப்பிடுபவர்கள் யார் என்று பார்ப்போம். உங்கள் உதிரிப்பாகத்தைக் கடையில் யாரும் வாங்கப்போவதில்லை. உங்கள் வாசகத்தைப் படிக்கப்போகிறவர்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரிகள், நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர்கள், தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள், எல்லாருக்கும் மேலாக உங்கள் சொந்தத் தொழிலாளர்கள். தொழிலாளர்களை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தைப் பற்றி ஊரில் நிலவும் கருத்து இணையப் பக்கத்திலிருந்து பிறப்பதில்லை. அங்கே வேலை செய்பவர் சாப்பாட்டுக் கடையில் சொல்வதிலிருந்து பிறக்கிறது. இரவு வேலை முடித்து வருபவர் ‘சுவரில் என்னவோ எழுதியிருக்கிறார்கள், விடுதியில் தண்ணீர் வரவில்லை’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நீங்கள் செய்த வேலை அத்தனையும் வீணாகிவிடும்.

இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் நம் நாட்டு நிறுவனங்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். நிலைத்தன்மை என்றதும் மரம் நடுதல், கடற்கரைத் துப்புரவு, சூரிய மின்தகடு ஆகியவையே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. மக்களின் கணக்கில் மனிதர்களை நடத்தும் விதம் முதலில் வருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். 2020 ஜூலையில், உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை உற்பத்தியாளரான மலேசிய நிறுவனம் ஒன்றின் இரண்டு துணை நிறுவனங்களின் பொருள்களை, கட்டாய உழைப்பு ஐயத்தின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய முகவர் கட்டணமும் அதனால் ஏறிய கடனும் அந்த விவகாரத்தின் மையத்தில் இருந்தன. அந்தக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தந்து, வேறு பல திருத்தங்களையும் செய்த பிறகு, 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. கையுறைக்கு உலகமே காத்திருந்த பெருந்தொற்றுக் காலத்தில் இது நடந்தது என்பதை உங்கள் முதலாளிக்கு நினைவூட்டுங்கள். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் விடுதிகளின் நெரிசலான அறைகள் செய்திகளில் வந்தபோது, நாடு முழுவதும் ஏற்பட்ட அதிர்ச்சியும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

நீங்கள் மனிதவளப் பிரிவில் இருப்பதால் இந்தப் பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது. மின்னணுத் துறையின் பெரிய நிறுவனங்கள் பல உறுப்பினராக உள்ள பொறுப்பு வணிகக் கூட்டணியின் நடத்தை விதிகளை எடுத்துப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் வினாப்பட்டியல் பெரும்பாலும் அதிலிருந்து வந்ததாக இருக்கும். வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர் எந்தக் கட்டணமும் கட்டக் கூடாது, கட்டியிருந்தால் அவருக்கே திருப்பித் தர வேண்டும், வாரத்துக்கு மிகைநேரத்தையும் சேர்த்து 60 மணிக்கு மேல் வேலை கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது. நம் வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரியிலிருந்து வழக்கமான வேலை வாரம் 45 மணி. தொழிலாளர் தங்குமிடச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி கூட்டு விடுதியில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கும் இடம் தர வேண்டும். இவற்றை வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த உங்கள் தொழிலாளர் முகவருக்கு எவ்வளவு கொடுத்தார்? அவருடைய கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது? விடுதி அறையை அளவு நாடாவால் அளந்தால் ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் வருகிறது? போன ஆண்டு எத்தனை வாரங்களில் 60 மணி தாண்டியது? முதல் கேள்வியைத் தொழிலாளரிடம் நேரடியாக, மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில், அவருக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும். முகவரிடம் கேட்டால் உண்மை வராது.

அடுத்து சுற்றுச்சூழல். இதற்கும் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை, கணக்குப் பிரிவிலும் பராமரிப்புப் பிரிவிலும் ஏற்கெனவே இருக்கும் தாள்களே போதும். முதலில், பன்னிரண்டு மாத மின்சாரக் கட்டண ரசீதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவின் மின்தொகுப்பில் நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் பெரும் பங்கு இருப்பதால், ஒரு மெகாவாட்-மணி, அதாவது 1,000 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் டன் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு மெகாவாட்-மணிக்கு எவ்வளவு வாயு என்ற சரியான எண்ணை, அதாவது உமிழ்வுக் காரணியை, எரிசக்தி ஆணையம் வெளியிடுகிறது. அறிக்கையில் அதையே பயன்படுத்துங்கள். உங்கள் தொழிற்சாலை மாதம் 2 லட்சம் யூனிட் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், மின்சாரத்தினால் மட்டும் மாதம் ஏறக்குறைய 150 டன். இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட முதலாளி, வளாகத்தில் இருபது மரக்கன்றுகள் நட்டதை விழுமியப் பக்கத்தின் தலைப்பில் போடச் சொல்ல மாட்டார்.

இரண்டாவது, அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுத் தனியாகக் கையாளச் சொல்லும் ஆபத்தான கழிவு. உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும் பிரிவு உங்களிடம் இருந்தால், கழிவுநீரைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் உலோகச் சேறு எஸ்டபிள்யூ 204 என்ற குறியீட்டின் கீழ் வரும். வீணான மின்னணுப் பலகைகள் எஸ்டபிள்யூ 110. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி இவற்றை 180 நாளுக்கு மேலோ 20 மெட்ரிக் டன்னுக்கு மேலோ வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. கிடங்குக்குப் போய் ஒவ்வொரு பீப்பாயிலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். குறியீடு இருக்கிறதா, கழிவு உண்டான தேதி இருக்கிறதா, அந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஆகிறது, பதிவேட்டில் எழுதியிருப்பதும் பீப்பாயில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் விழுமியம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தச் சீட்டைப் போல் எனக்குத் துல்லியமாகச் சொன்னது வேறு எதுவும் இல்லை. சீட்டு மங்கிப்போய், தேதி அழிந்து, பீப்பாயின் அடியில் கசிவு இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை நிலைத்தன்மை என்ற சொல்லைச் சுவரில் எழுத வேண்டாம் என்றே முதலாளிக்கு ஆலோசனை சொல்வேன். தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பினாங்கின் கச்சா நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது, அந்த ஆற்றில் நீர் குறையும்போது குடும்பங்களும் தொழிற்சாலைகளும் ஒரே நீரைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்தத் தாள்களெல்லாம் மேசைக்கு வந்த பிறகே வாசகத்தை எழுத உட்காருங்கள். உங்கள் வரைவின் இடத்தில் எப்படிப்பட்ட வரிகள் வரலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். உண்மையான எண்களை நீங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும்:

‘எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர எந்தத் தொழிலாளரும் கட்டணம் கட்டக் கூடாது. கட்டியவர்களுக்கு அந்தத் தொகையை இந்த ஆண்டு முதல் திருப்பித் தருகிறோம். எங்கள் மின்சாரப் பயன்பாட்டினால் சென்ற ஆண்டு இத்தனை டன் கரியமில வாயு வெளியானது. 2028-க்குள் இத்தனை டன்னாகக் குறைக்க முயல்கிறோம். சென்ற ஆண்டு வேலைநேர வரம்பு இத்தனை வாரங்களில் மீறப்பட்டது. அதைக் குறைக்க இரண்டாவது வேலை முறைக்கு ஆள் சேர்க்கிறோம். கழிவை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே ஒப்படைக்கிறோம், விலை குறைவு என்பதற்காக வேறு எவரிடமும் கொடுப்பதில்லை.’

இதில் உங்கள் முதலாளியை உறுத்தப்போவது வேலைநேர வரம்பு மீறப்பட்டதைச் சொல்லும் வரிதான். குறையை நாமே ஊருக்குச் சொல்வதா என்று கேட்பார். அந்தக் குறை உங்கள் தொழிலாளருக்குத் தெரியும், தணிக்கைக்கு வரும் வாடிக்கையாளரின் ஆளும் வேலைநேரப் பதிவைப் பார்த்த அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் சுவரைப் படிக்கும் விருந்தாளி மட்டுமே. ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் மறைத்து நிறுவனத்துக்கு என்ன கிடைக்கப்போகிறது? தன் குறையை எண்ணோடு சொல்லும் நிறுவனம் பக்கத்து வரியில் தன் நிறையைச் சொல்லும்போது அதற்கு எடை கூடுகிறது. ஆனால் குறையைச் சொல்லிவிட்டுத் திருத்தாமல் விட்டால், அடுத்த ஆண்டு அதே வரி உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திருத்தும் எண்ணம் இல்லாத குறையை எழுதுவதால் பயனில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. நாடு 2050-க்குள் நிகரப் பூச்சிய உமிழ்வை, அதாவது வெளியிடும் கரியமில வாயுவும் அகற்றப்படும் வாயுவும் சமமாகும் நிலையை, எட்ட எண்ணுகிறது என்பதால், உங்கள் நிறுவனமும் ‘2050-க்குள் நிகரப் பூச்சியம்’ என்று எழுதிவிடலாம் என யாராவது யோசனை சொல்லக்கூடும். அதை அடையும் வழியும் முதலீடும் கைவசம் இல்லாமல் எழுத வேண்டாம். அந்த ஆண்டில் இன்றைய நிர்வாகத்தில் எத்தனை பேர் பொறுப்பில் இருப்பார்கள் என்று படிப்பவர் எளிதாகக் கணக்கிட்டுக்கொள்வார். மூன்றாண்டு எல்லைக்குள் அடையக்கூடிய ஒரு சிறிய இலக்கு அதைவிட மேலானது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையின் முதன்மைப் பிரிவிலுள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையை நடத்தும் புர்சா மலேசியா 2015-இலேயே விதித்து, 2022-இல் அதைக் கடுமையாக்கியது. 2024 செப்டம்பரில் வெளியான தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு, சந்தை மதிப்பு 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் உள்ள முதன்மைப் பிரிவு நிறுவனங்களை 2025-ஆம் நிதியாண்டிலிருந்து முதலில் கொண்டுவருகிறது. உங்கள் நிறுவனத்தை இவை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை, ஆயினும் இந்நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருபவர்களிடம் எண்களைக் கேட்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பதால் கேள்வி உங்கள் வாசலுக்கும் வரும். விநியோகச் சங்கிலியிலுள்ள சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காகவே 2023 அக்டோபரில் ஒரு எளிய வழிகாட்டி வெளியிடப்பட்டுள்ளது. அது வெளியானபோது அதில் 35 தகவல்கள் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று பிரிக்கப்பட்டிருந்தன. அடிப்படை நிலையிலிருந்து தொடங்குங்கள். தவறான எண்ணத்தைத் தரும் வாசகங்களைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தடுக்கிறது என்பதால், பொருளின் மீதோ விளம்பரத்திலோ ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சான்றில்லாமல் போடுவதை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் எழுதாமலே இருந்துவிடலாமே என்று தோன்றலாம். வாடிக்கையாளரும் வேலை தேடுபவரும் கேட்கும்போது மௌனமாக இருக்கும் நிறுவனத்தை, மறைக்க ஏதோ இருக்கிறது என்ற கண்ணோடுதான் பார்ப்பார்கள். உள்ளுக்குள் ஒரு பயனும் உண்டு: எழுதி வைத்த ஒரு வரி, முகவர் கட்டணத்தைத் திருப்பித் தரலாமா என்று நிர்வாகக் கூட்டத்தில் விவாதம் வரும்போது உங்களைப் போன்ற ஊழியர் கைகாட்டிப் பேச ஒரு பிடியைத் தருகிறது. எனவே எழுதுங்கள், ஐந்து விழுமியங்கள் வேண்டாம், நிறுவனம் உண்மையில் பின்பற்றும் இரண்டோ மூன்றோ போதும்.

செயலில் இறங்கும்போது, வரைவை முதலாளியிடம் கொண்டுபோகும் முன் வேலைத்தளத்தில் ஐந்தாறு பேரிடம் படித்துக்காட்டுங்கள். இரவு முறையில் உள்ள ஒருவரும், விடுதியில் தங்கும் ஒருவரும், கழிவுக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரும் அவர்களுள் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் எந்த வரியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களோ அந்த வரியை அடித்துவிடுங்கள், அல்லது அது உண்மையாகும்வரை காத்திருங்கள். இறுதி வாசகத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வைக்காமல், உங்கள் தொழிலாளர்கள் படிக்கும் மொழிகளிலும் அச்சிட்டு விடுதிச் சுவரிலும் ஒட்டுங்கள். வாக்களித்தது நடக்கவில்லை என்றால் யாரிடம் முறையிட வேண்டும் என்ற தொலைபேசி எண்ணையும் அதன் அடியில் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எண்களைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பழைய ஆண்டின் எண்களை இணையப் பக்கத்திலிருந்து நீக்காமல் புதியவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். எண்கள் நிரம்பிய வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பினால், அதை வரிவரியாகப் பார்த்துத் தரக் காத்திருக்கிறேன்.